மேடுகள் மட்டும் எண்ணப்படும்

ஓய்வூதிய அலுவலகத்தைப் பொறுத்தவரை ஒருவர் உயிரோடு இருந்தால் மட்டும் போதாது. இருக்கிறார் என்று அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காகவே மாதம் ஒருமுறை முதியவர்கள் அத்தனை பேரும் அடையாள அட்டையோடு வந்து, ஐந்து கவுன்டர்களில் ஏதாவது ஒன்றின் முன்னால் நின்று முகத்தைக் காட்டிவிட்டுப் போவார்கள். கவுன்டரில் இருப்பவர் அட்டையிலுள்ள படத்தைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், ‘படமும் ஆளும் ஒன்றே, நேரில் கண்டேன்’ என்ற முத்திரையைக் குத்திக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழும்வரை அவர் இருக்கிறாரா போய்விட்டாரா என்பது யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரிந்திருந்தாலும் அது சாட்சியாகாது.

மூன்றாவது கவுன்டரில் இருந்தவளை எல்லாரும் மூன்றாம் நம்பர் என்றே கூப்பிட்டார்கள். வயது இருபத்தேழு. பதினான்கு வயதில் அவள் முகத்தில் பரு வந்தபோது, பள்ளிக்கூடம் முடிந்தால் போய்விடும் என்றார்கள். போகவில்லை. கல்லூரி முடிந்தால் போய்விடும் என்றார்கள். அப்போதும் போகவில்லை. வேலை கிடைத்தபோது அதுவும் அவளோடு சேர்ந்து வேலைக்கு வந்தது.

வேலைக்கு வரும்வரை இடைப்பட்ட வருடங்களை அவள் தரையைப் பார்த்தபடியே கழித்திருந்தாள். எதிரே வருகிறவரின் செருப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். நிமிர்ந்தால் போதும், எதிரே இருப்பவரின் கண் அவள் கண்ணுக்கு வராமல் கன்னத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்தது வைத்தியம் வரும். பல் வலி என்று சொன்னால் பல் மருத்துவரிடம் போகச் சொல்கிற உலகம், பரு என்றால் மட்டும் தானே மருத்துவராகிவிடும். எலுமிச்சை தடவு, பற்பசை தடவு, தேன் தடவு, எண்ணெய்ப் பண்டம் தின்னாதே, தண்ணீர் குடி, இன்னும் நன்றாகத் தேய்த்துக் கழுவு. அவள் எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். எலுமிச்சை எரிந்தது, பற்பசை தோலை உரித்தது. பரு தன் பாட்டுக்கு இருந்தது.

கவுன்டர் வேலைதான் அவள் தலையை முதன்முதலாக நிமிர்த்தியது. வேலையே முகத்தைப் பார்ப்பதுதானே. இருபது வருடத்துக்கு முன் எடுத்த படத்தையும், சுருக்கமும் மச்சமும் பொக்கை வாயுமாக எதிரே நிற்பவரையும் மாறி மாறிப் பார்த்து, படத்து ஆளை அந்த முகத்துக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவள் ஒருமுறைகூடக் கண்டுபிடிக்காமல் விட்டதில்லை. வந்தவர்களும் அவள் முகத்தைக் கவனிக்கவில்லை. தாங்கள் இருக்கிறோமா என்ற கவலையில் நின்றவர்களுக்கு அவள் கையிலிருந்த முத்திரைதான் கண்ணில் பட்டது. காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை அந்த நாற்காலியில் தனக்கு ஒரு முகம் இருப்பதையே அவள் மறந்திருந்தாள். அந்த நிம்மதி அவளுக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை, வீட்டிலும்கூட.

வந்தவர்களில் தபால்காரர் ஒருவர் உண்டு. ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருடமாகியும் எல்லாருக்கும் அவர் தபால்காரர்தான். மற்ற கவுன்டர்கள் காலியாக இருந்தாலும் மூன்றாவதன் வரிசையில்தான் நிற்பார். அவள் தலைக்கு மேலே சுவரில் ஒரு கடிகாரம் உண்டு, அது எப்போதும் பத்து நிமிடம் பின்தங்கியே ஓடும்.

“இங்க வந்தா எனக்குப் பத்து நிமிஷம் ஆயுசு கூடுதும்மா,” என்பார் அவர். “வேற எந்த ஆபீஸ்ல குடுப்பாங்க?”

எண்ணிப் பார்த்தால் அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியும் வைத்தியம் சொல்லாத ஒரே மனிதர் அவர்தான்.

வினை இயக்குநர் வடிவில் வந்தது. தலைமையகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த இயக்குநர் ஐந்து கவுன்டர்களையும் பார்த்துக்கொண்டே நடந்தவர், மூன்றாவதன் எதிரே நின்றார். அந்தத் திசையில் பார்த்தார், முகத்தைச் சுளித்தார், ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்று மாலையே மேலாளர் கூட்டம் போட்டார். இயக்குநர் சுளித்தது ஏன் என்பது மட்டுமே பேச்சு, அதற்கே இரண்டு மணி நேரம் ஆனது. சுளிப்பு எத்தனை விநாடி நீடித்தது, புருவத்தில் தொடங்கியதா உதட்டில் தொடங்கியதா என்று கண்டவர்களிடம் எழுத்தில் வாக்குமூலம் வாங்கினார்கள். நின்ற இடம், பார்த்த திசை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்ததில், சுளிப்புக்குக் காரணம் மூன்றாம் நம்பரின் முகம் என்று ஒருமனதாக முடிவாயிற்று. இயக்குநரிடமே கேட்டுவிடலாமே என்று யாரோ சொன்னதற்கு, மேலதிகாரியின் முகக்குறிப்புக்கு அவரிடமே விளக்கம் கேட்பது ஒழுங்கீனம் என்று பதில் வந்தது.

மறுநாள் மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“பாருங்கம்மா, நான் தோற்றத்தை வச்சு ஆளை எடை போடுறவன் இல்லை,” என்றார் மேலாளர். “அதனாலதான் எண்ணச் சொல்லியிருக்கேன். எண்ணிக்கைன்னு வந்துட்டா பாரபட்சம் கிடையாது பாருங்க.”

“என்ன சார் எண்ணணும்?”

“பருவைத்தான். வாரா வாரம் திங்கட்கிழமை. மூணு பேர் கொண்ட குழு போட்டாச்சு. இது உங்க மேல எடுக்குற நடவடிக்கைன்னு நினைச்சிடாதீங்க. உங்க முகத்து மேலதான் நடவடிக்கை. நீங்க தனிப்பட்ட முறையில எடுத்துக்கவே கூடாது.”

பிறகு சுற்றறிக்கையைப் படிக்கக் கொடுத்தார். பொதுமக்களின் முகம் பார்க்கும் இருக்கைகளில் அமர்வோர் தெளிந்த முகத்தினராய் இருத்தல் வேண்டும். அல்லாதார் தெளியும்வரை கண்காணிக்கப்படுவர். தெளியாதார் பதிவறைக்கு நிரந்தரமாக மாற்றப்படுவர். பதிவறை என்பது கட்டடத்தின் பின்னால் இருந்த ஜன்னல் குறைந்த கூடம். இறந்துபோனவர்களின் அட்டைகளை அங்கேதான் அடுக்குவார்கள், அங்கே முகம் பார்க்க யாரும் வரமாட்டார்கள். அவளுக்கு வேலை போகாது, சம்பளம் குறையாது. போகப்போவது அந்த நாற்காலி மட்டும்தான். அது போனால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததால், படித்ததற்கான கையெழுத்தைப் போடும் முன் சுற்றறிக்கையை இன்னொருமுறை படித்தாள். அடுத்த ஆய்வுக்கு இயக்குநர் வர இன்னும் பதினான்கு வாரம் இருந்தது.

அன்று மாலையே அவள் தோல் மருத்துவரிடம் போனாள். பதின்மூன்று வருடத்தில் அதுதான் முதல்முறை. அதற்குக்கூட ஒரு சுற்றறிக்கை வர வேண்டியிருந்தது. மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. காலையிலிருந்து ஒரே விஷயத்தை நூறு பேருக்குச் சொல்லிக் களைத்த குரலில், நூற்றோராவது ஆளுக்கும் பொறுமையாகவே சொன்னார்.

“அழுக்கு இல்லைம்மா இது. நீ சாப்பிட்டதும் இல்லை, நீ செஞ்ச தப்பும் இல்லை. தோலுக்கு அடியில எண்ணெய் சுரக்குது, துவாரம் அடைச்சுக்குது, உள்ள கிருமி வளர்ந்து வீங்குது. அவ்வளவுதான். நிறையப் பேருக்கு முப்பது வயசு தாண்டியும் இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை முகம் கழுவுறே?”

“ஏழு, எட்டு.”

“ரெண்டு போதும். தேய்க்காதே. இந்தக் களிம்பை ராத்திரி பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தடவு, பருவுல மட்டும் வைக்காதே. வெயில்ல போனா இன்னொண்ணு எழுதித் தரேன், அதைப் பூசிக்கோ. முதல் மூணு நாலு வாரம் அதிகமாகுற மாதிரி இருக்கும், பயந்து நிறுத்திடாதே. பன்னிரண்டு வாரம் ஆகும். கிள்ளாதே, பிதுக்காதே. பரு போயிடும், பிதுக்கின தழும்பு போகாது.”

பன்னிரண்டு வாரம். இயக்குநர் வர பதினான்கு. இரண்டு வாரம் மிச்சம் இருக்கிறதே என்று பேருந்தில் வரும்போது அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். சந்தோஷம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தை அன்று அவள் திரும்பி ஒருமுறை பார்த்தாள்.

வீட்டில் அம்மா களிம்புக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“யாரைக் கொண்டு பொறந்தியோ. எனக்கு உன் வயசுல முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா?”

“சொல்லியிருக்கியேம்மா.”

“சொல்லாம? பெத்தவளுக்கு ஆதங்கம் இருக்காதா?” என்றாள் அம்மா. குழாயை மேசையில் வைத்துவிட்டு, “மறக்காம போடு,” என்றாள்.

திங்கட்கிழமை குழு கூடியது. மேலாளர் தலைவர். எண்ணுகிற பொறுப்பு கண்காணிப்பாளர் அம்மாளுக்கு. மங்கிய முத்திரைகளைப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை அவர் துடைத்து எடுத்துவந்திருந்தார். குழு என்றால் மூன்று பேர் வேண்டும் என்பதால் சரக்கறை எழுத்தரும் இருந்தார், குறிப்பு எழுதுவது அவர் வேலை. ஒரு முகத்தின் கோட்டுப்படத்தை ஒன்பது கட்டமாகப் பிரித்துப் படிவம் அச்சடித்திருந்தார்கள். அவளை ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார வைத்து, கண்காணிப்பாளர் அம்மாள் ஆறங்குல ஸ்கேலைக் கன்னத்தில் வைத்துக் கட்டம் கட்டமாக எண்ணினார்.

“இடது கன்னம், நாலாம் கட்டம். சிறுசு மூணு, நடுத்தரம் ரெண்டு. இது என்ன, மச்சமா?”

“மச்சம்தான் மேடம்.”

“மச்சம்னு அத்தாட்சி இருக்கா?”

இல்லை. எனவே அதுவும் பரு ஆயிற்று. சரக்கறை எழுத்தர் பாவம், இருபத்திரண்டு வருடமாக ஒரே மாதிரி எழுதிப் பழகிய கை. குறிப்பேட்டில், ‘தொடக்க இருப்பு முப்பத்தொன்று, புதுவரவு இல்லை, கழிவு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். அவளைப் பொறுத்தவரை அந்த அறையில் அவர் ஒருவர்தான் கடைசிவரை நிமிர்ந்து பார்க்காதவர். அதற்காக மனதுக்குள் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டாள்.

மருத்துவர் சொன்னது சொன்னபடியே நடந்தது. மூன்றாவது வாரம் தோல் காய்ந்து உரிந்தது, மேடுகள் கூடின. குறிப்பேட்டில் புதுவரவு பதின்மூன்று, இருப்பு நாற்பத்து நான்கு.

குழு கொதித்தெழுந்தது. கண்காணிப்பு தொடங்கிய பின்னும் எண்ணிக்கை உயர்ந்ததற்கான காரணத்தை ஏழு நாளில் எழுத்து மூலம் தெரிவிக்கும்படி அவளுக்குக் குறிப்பாணை வந்தது. மருந்தின் தொடக்கத்தில் இப்படி ஆகும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார் என அவள் எழுதிக் கொடுத்தாள்.

மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். “டாக்டர் நம்ம ஆபீஸ் ஊழியரா?”

“இல்லை சார்.”

“அப்ப அவங்க சொல்றது நம்மளைக் கட்டுப்படுத்தாது. குறையணும்னு சுற்றறிக்கை சொல்லுது. கூடிட்டு அப்புறம் குறையும்னு அதுல எங்கேயும் இல்லையே. உங்க முகம் சுற்றறிக்கையைப் படிச்ச மாதிரியே தெரியலை. நாளைக்கு எல்லாரும் இப்படி முதல்ல கூட்டிட்டு அப்புறம் குறைக்கிறேன்னு கிளம்பினா நிர்வாகம் என்னாகுறது?”

கூடிய பதின்மூன்றுக்குத் தண்டனையாக அவளைத் தற்காலிகமாகப் பதிவறைக்கு அனுப்பினார்கள். மூன்றாவது கவுன்டரை இழுத்து மூடினார்கள். முதியவர்களின் வரிசை வாசல் தாண்டி வெயிலுக்குப் போனது. ஒரு பெரியவர் உயிரோடு இருப்பதை நிரூபிக்க நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் நான்காம் கவுன்டரில் அவருக்கு முன்னுரிமை கொடுத்தார்கள்.

பதிவறையில் அவள் இறந்தவர்களின் அட்டைகளை அடுக்கினாள். எத்தனையோ பேர் அவள் முத்திரை குத்தியவர்கள். படங்களைப் பார்த்தால் ஆள் நினைவுக்கு வந்தது, ஒத்துப் பார்க்கத்தான் எதிரே யாரும் இல்லை. அந்த மாதம் தபால்காரர் நான்காம் கவுன்டரில் முத்திரை வாங்கிக்கொண்டு, கட்டடத்தைச் சுற்றிவந்து, பதிவறையின் சின்ன ஜன்னலில் தடியால் தட்டினார்.

“இருக்கேம்மா,” என்றார். “உன்கிட்ட சொல்லாம போனா சரியா வராது. அங்க குத்துறவன் என்னைப் பாக்கவே இல்லை. எனக்குப் பதிலா குடைக்கம்பை நிறுத்தியிருந்தாலும் குத்தியிருப்பான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் போன பிறகு அழுகையும் வந்தது.

ஆனால் மருந்தை அவள் நிறுத்தவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பதின்மூன்று வருடத்தில் ஊர் சொன்னதை எல்லாம் கேட்டவள், முதல்முறையாக ஊர் சொன்னதைக் கேட்காமல் தினமும் பட்டாணி அளவு எடுத்துத் தடவினாள். ஐந்தாம் வாரம் முப்பத்தாறு. ஏழாம் வாரம் இருபது. எட்டாம் வாரம், மச்சம் மச்சம்தான் என்று அத்தாட்சி கொடுத்து அதையும் கழித்த பிறகு, பதினான்கு. ஒன்பதாம் வாரத்துத் திங்கட்கிழமை பதினொன்று. நெற்றி முழுக்கத் துலங்கிவிட்டது. ஒருநாள் காலை அம்மா அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் பார்ப்பதைப் போல. பிறகு அடுப்படிக்குப் போனாள். அன்று அம்மா தன் பழைய முகத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

மருத்துவரும் பார்த்தார். “இன்னும் மூணே வாரம். இருக்கிற பதினொண்ணும் தானா அமுங்கிடும். நீ பாட்டுக்குக் கையை வச்சுக்கிட்டு சும்மா இரு.”

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். முகத்தில் அவ்வளவு பரிவு இருந்தது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள எண்ணிக்கை பூஜ்யம் ஆகணும்மா.”

“சார், இயக்குநர் வர இன்னும் அஞ்சு வாரம் இருக்கே. மூணு வாரத்துல எல்லாம் போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க.”

“இயக்குநர் வரும்போது உங்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் குடுக்குறார். சான்றிதழை அச்சடிக்க அஞ்சு வாரம் ஆகும். பூஜ்யம்னு அறிக்கை போனாத்தான் அச்சுக்கு எடுப்பாங்க. வெள்ளிக்கிழமை அறிக்கை போகலைன்னா, தெளியாதவர்னு இன்னொரு அறிக்கை போயிடும். அதுக்கு அச்சு வேலை எதுவும் இல்லை, அன்னைக்கே பதிவறை நிரந்தரம். நான் உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்.”

“சார், மூணே மூணு வாரம்.”

“நானா மாட்டேங்கிறேன்? அச்சகம்மா.”

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அப்படி ஆகிவிட்டது. அவள் வெளியே வந்து படிக்கட்டில் நின்றாள். பின்னாலேயே கண்காணிப்பாளர் அம்மாள் வந்து பக்கத்தில் நின்றார். கெட்ட மனுஷி இல்லை. வாராவாரம் கன்னத்தில் ஸ்கேலை வைப்பதற்கு முன் தன் உள்ளங்கையில் தேய்த்துச் சில்லிப்பைப் போக்குகிறவர்.

“நான் ஒண்ணு சொல்றேன், நான் சொன்னதா இருக்க வேண்டாம்,” என்றார் தாழ்ந்த குரலில். “படிவத்துல மேடு மட்டும்தான் இருக்கு. சின்ன மேடு, நடு மேடு, பெரிய மேடு. பள்ளத்துக்குக் கட்டமே கிடையாது. இல்லாத கட்டத்தை நான் எப்படி நிரப்ப முடியும்?”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் வேறு எங்கோ பார்த்தார்.

புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்றாம் நம்பர் வீட்டுக்கு வந்தாள். அம்மா உண்ட களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் நல்ல வெளிச்சம். கண்ணாடியைச் சாய்த்து வைத்து, கையைக் கழுவி, முதலாவதில் விரல் வைக்கும்போது அவளுக்கு மருத்துவரின் குரல் கேட்டது. கேட்காமல் இல்லை, நன்றாகவே கேட்டது. மறுபக்கம் அந்த நாற்காலி இருந்தது. தன் கன்னத்தைத் தேடாத முகங்கள், பத்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும் ஆயுள், எல்லாம் அங்கே இருந்தன. பதினொன்றையும் அவள் ஒவ்வொன்றாகப் பிதுக்கினாள். சில ஆழமாக இருந்தன, நகத்தை அழுத்த வேண்டியிருந்தது. ஏழாவதில் கண்ணில் நீர் வந்து கண்ணாடி தெரியவில்லை, துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். முடித்தபோது துண்டு முழுக்கச் சிறு சிறு சிவப்புப் பொட்டுகள் இருந்தன. அம்மா எழுவதற்குள் அதை அலசிக் காயப்போட்டாள்.

வெள்ளிக்கிழமை கன்னம் வீங்கிக் கனன்றது. வீக்கம் பொதுவானது, தனி மேடு அல்ல என்று குழு தீர்மானித்தது. பொருக்குக் கட்டியவை மட்டமாக இருந்தன. கண்காணிப்பாளர் அம்மாள் ஒன்பது கட்டத்திலும் சுழியம் போட்டார். சரக்கறை எழுத்தர் எழுதினார்: ‘கழிவு பதினொன்று, இறுதி இருப்பு இல்லை, கணக்கு முடிக்கப்பட்டது.’ எழுதிவிட்டு முதன்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார், சட்டென்று குனிந்துகொண்டார்.

மேலாளர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பாத்தீங்களா, முடியாதுன்னீங்க. ஒரு கெடு வச்சாத்தான் முகம்கூட வேலை செய்யுது.”

மருத்துவர் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டார். திட்டவில்லை. “மூணு வாரம் பொறுத்திருக்கலாமேம்மா,” என்றார். இரண்டு இடங்களில் சீழ் கோத்திருந்தது, அதற்கு மாத்திரை எழுதினார். பள்ளங்களைச் சரிசெய்ய முடியுமா என்று அவள் கேட்டாள். கொஞ்சம் முடியும், முழுக்க முடியாது, வருடக்கணக்காகும் என்றார். அவள் தலையாட்டினாள். அந்த அறையைவிட்டு வெளியே வந்து, நடைவழியில் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் பார்க்கிறார்களா என்றுகூடக் கவனிக்காமல் அழுதாள்.

பள்ளம் குறித்து அலுவலகத்திலும் விசாரித்தாள். மேடு நிர்வாகம் சார்ந்தது, பள்ளம் ஊழியரின் சொந்த விஷயம் என்று பதில் வந்தது.

இயக்குநர் சொன்ன தேதிக்கு வந்தார். அந்த ஐந்து வாரத்தில் பொருக்குகள் உதிர்ந்து இரு கன்னத்திலும் பதினொரு குழிகள் நிலைத்திருந்தன. சான்றிதழும் அச்சாகி வந்திருந்தது. அதோடு சட்டம் போட்ட பெரிய படம் ஒன்றும் இருந்தது. விழாவுக்காக வந்த புகைப்படக்காரர் அவளைப் படம் எடுத்துக்கொண்டுபோய், குழிகளையும் மச்சத்தையும் துடைத்து, முட்டையைப் போல ஒரு முகமாகக் கொண்டுவந்திருந்தார். அதை மூன்றாவது கவுன்டருக்கு மேலே மாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. மாட்டவேண்டிய இடத்தில்தான் கடிகாரம் இருந்தது.

இயக்குநர் பேச எழுந்தார். “ஒரு நிர்வாகம் நன்றாக இருக்கிறதா என்பதைச் சின்ன விஷயங்களில்தான் காண முடியும். கடந்த முறை நான் இங்கே நின்று அந்தக் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம் பின்தங்கி ஓடியது. எனக்கு முகமே சுளித்துவிட்டது. வாய் திறந்து சொல்லவில்லை. நல்ல நிர்வாகத்துக்குக் குறிப்பே போதும் என்று இருந்துவிட்டேன்.” கையைத் திருப்பித் தன் கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “இன்னும் பத்து நிமிடம் பின்தங்கித்தான் ஓடுகிறது.”

மேலாளர் எழுந்து, இதற்காக இன்றே மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்படும் என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மூன்றாம் நம்பரும் தட்டப் பார்த்தாள். சான்றிதழ் இடித்தது.

அன்று சாயங்காலமே கடிகாரத்தைக் கழற்றிப் படத்தை மாட்டினார்கள்.

மூன்றாவது கவுன்டர் திறந்தது, வரிசை வாசலுக்குள் வந்தது. அவள் கேட்ட நாற்காலி அவளுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அட்டையை நீட்டுகிறவர்கள் இப்போது முதலில் மேலே படத்தைப் பார்த்தார்கள், பிறகு கீழே அவளைப் பார்த்தார்கள், பிறகு மறுபடி மேலே பார்த்தார்கள். முகம் ஒத்துப் பார்க்கத் தெரிந்த கூட்டம் அது, மாதாமாதம் பழகியது. அவள் தலை தானாகத் தாழ்ந்தது. செருப்பைப் பார்த்து ஆளை அறிந்து, அட்டையை வாங்கி, குனிந்தபடியே முத்திரை குத்தப் பழகிக்கொண்டாள். வேலை முன்பைவிட வேகமாக நடக்கிறது என்று மேலாளர் மெச்சினார்.

தபால்காரர் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். இடது குதிகால் தேய்ந்த கறுப்புச் செருப்பு. அவள் குனிந்தபடியே அட்டைக்குக் கை நீட்டினாள். அவர் அட்டையை மேசையில் வைத்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

“நேரில் கண்டேன்னு குத்தப்போறே. கண்டியா?”

“செருப்பு தெரியும் அய்யா.”

பழைய இடத்தில் கடிகாரத்தைத் தேடியவர் படத்தைப் பார்த்தார். “யாரும்மா அது? புதுசா யாராவது சேர்ந்திருக்காங்களா?”

“நான்தான் அய்யா.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நாற்பது வருடம் சரியான கடிதத்தைச் சரியான ஆளிடம் சேர்த்தவர், அவசரப்படவில்லை.

“இப்படி ஒரு படத்தை ஒட்டின அட்டையை எடுத்துக்கிட்டு நீயே அந்தப் பக்கம் வந்து நின்னா, முத்திரை குத்துவியா?”

அவள் படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இல்லை.

“குத்த மாட்டேன் அய்யா.”

“சரி. என்னையாவது பாரு. இருக்கேனா சொல்லு.”

அவள் தலையை நிமிர்த்தினாள். ஆஸ்பத்திரி அவர் கன்னத்தைத் தின்றிருந்தது, கழுத்தில் தோல் தொங்கியது. அட்டையில் மீசையோடு சிரித்த ஆளுக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் தேடினாள். சற்று நேரம் பிடித்தது, வலது புருவத்தின் ஓரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அவ்வளவு நேரமும் அவர் அவள் குழிகளையும் கண்களையும் சேர்த்து முழு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கும் கண்ணைத் திருப்பாமல்.

“இருக்கீங்க அய்யா,” என்றாள். முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டாள்.

அவர் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தடியைப் பிடித்துக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

“நீ?” என்று கேட்டார்.

மூன்றாம் நம்பர் முத்திரையை மைப்பெட்டியில் ஒருமுறை அழுத்தி எடுத்துவிட்டு, அடுத்த அட்டைக்காகக் கையை நீட்டினாள்.